1997-க்குப் பிறகு ராபின் எங்கே போனார்?

கேள்வி இதுதான்: ஸ்வீடன் பாடகி ராபின் 1997-ல் அமெரிக்காவில் அடுத்தடுத்து இரண்டு டாப் டென் பாடல்கள் கொடுத்தார். அதன்பிறகு பத்து வருடம் அவரைக் காணவில்லை. 2007-ல் திரும்பி வந்தபோது ஆளே மாறியிருந்தார், இசையும் எலெக்ட்ரானிக் பாப்பாக மாறியிருந்தது. நடுவில் என்ன நடந்தது? இப்போது கேட்கத் தொடங்குபவர் எங்கிருந்து தொடங்குவது?

முதலில் ஒரு விஷயத்தைச் சரிசெய்துவிடலாம். அந்தப் பத்து வருடத்தில் 1999, 2002, 2005 ஆகிய ஆண்டுகளில் அவருடைய மூன்று ஆல்பங்கள் வந்தன. அவை அந்தச் சமயத்தில் அமெரிக்காவில் வெளியாகவில்லை, அவ்வளவுதான். ஒரு பாட்டை எந்த நாட்டில் எப்போது வெளியிடுவது, அல்லது வெளியிடாமலே வைப்பது என்று முடிவெடுக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது? ராபினின் தொழில் வாழ்க்கை முழுக்க இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் ஓடியிருக்கிறது. அவருடைய இசை மாறியதும் இதனால்தான் என்பது என் கருத்து.

ராபின் மிரியம் கார்ல்சன் 1979 ஜூன் 12-ல் ஸ்டாக்ஹோமில் பிறந்தவர். பெற்றோர் சொந்தமாக நாடகக் குழு நடத்தியவர்கள். சிறுவயதில் அந்தக் குழுவோடு ஊர் ஊராகப் போனவர். 12 வயதில் ஸ்வீடன் தொலைக்காட்சியின் சிறுவர் விளையாட்டு நிகழ்ச்சி ஒன்றுக்கு முகப்புப் பாடல் பாடினார். பிறகு பள்ளியில் நடந்த இசைப் பட்டறைக்கு வந்திருந்த பாடகி மேயா இவருடைய குரலைக் கேட்டு ஆச்சரியப்பட்டார். சிறுமி அன்று பாடியது, பெற்றோர் பிரிந்ததைப் பற்றித் தானே எழுதிய பாட்டு. மேயா மூலமாகக் கிடைத்த அறிமுகத்தில் பதினாலு பதினைந்து வயதில் பி.எம்.ஜி. நிறுவனத்தின் கீழிருந்த ரிக்கோஷே என்ற லேபிளில், அதாவது பதிவு நிறுவனத்தில், ஒப்பந்தமானார்.

அப்போது ஸ்டாக்ஹோமின் குங்ஸ்ஹோல்மன் தீவில் ஷெய்ரான் என்ற ஸ்டுடியோ இயங்கிக்கொண்டிருந்தது. அதை நடத்தியவர் டெனிஸ் பாப். அவரிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்தவர் மேக்ஸ் மார்ட்டின். பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ், பிரிட்னி ஸ்பியர்ஸ் ஆகியோரின் பெரிய வெற்றிகள் உருவான இடம் இதுதான். ஆனால் ராபின் பிரிட்னிக்கு முன்பே அங்கே போய்விட்டார். "ராபின் இஸ் ஹியர்" ஆல்பம் 1995-ல் ஸ்வீடனிலும், 1997-ல் அமெரிக்காவிலும் வந்தது. "டூ யூ நோ (வாட் இட் டேக்ஸ்)", "ஷோ மீ லவ்" இரண்டும் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 7-ஆம் இடம் வரை போயின. "ஷோ மீ லவ்" பாட்டை மேக்ஸ் மார்ட்டினோடு சேர்ந்து எழுதியவர் ராபினேதான். இது முக்கியம். அவரைப் பிறர் எழுதிக் கொடுத்ததைப் பாடிய பதின்வயதுப் பாடகி என்று நினைத்தால் பின்னால் நடந்த எதுவும் புரியாது. ஸ்வீடன் இயக்குநர் லூகாஸ் மூடிசன் 1998-ல் எடுத்த முதல் படத்திலும் இந்தப் பாட்டு வருகிறது. வெளிநாடுகளில் அந்தப் படத்துக்கே "ஷோ மீ லவ்" என்றுதான் பெயர் வைத்தார்கள்.

தேடும்போது ஒரு குழப்பம் வரும். இதே தலைப்பில் ராபின் எஸ். என்ற அமெரிக்க ஹவுஸ் (கிளப் நடன இசை வகை) பாடகியின் பாட்டு 1993-ல் பெரிய ஹிட். தலைப்பை மட்டும் தட்டினால் பெரும்பாலும் அதுதான் முதலில் வந்து நிற்கும். ஆள் வேறு, பாட்டும் வேறு.

அமெரிக்க வெற்றியோடு ஓய்வில்லாத விளம்பரப் பயணங்களும் வந்தன. உடலும் மனமும் களைத்துப்போய் ஸ்வீடன் திரும்பினார். அடுத்து 1999-ல் "மை ட்ரூத்". அதில் இரண்டு பாடல்கள் கருக்கலைப்பைப் பற்றியவை. ராபின் தன் சொந்த அனுபவத்திலிருந்து எழுதியவை. அமெரிக்கத் தரப்பு ஆல்பத்தை மாற்றித் தரக் கேட்டது, அவர் மறுத்தார். ஆல்பம் அங்கே வெளிவரவே இல்லை. 20 வயதுப் பாடகி உலகின் மிகப் பெரிய இசைச் சந்தையை இரண்டு பாடல்களுக்காக விட்டுக்கொடுத்தார். அவரை நான் மதிக்கத் தொடங்குவது இந்த இடத்திலிருந்துதான்.

இங்கே ஒப்பந்தம் வேலை செய்யும் விதத்தைச் சொல்லியாக வேண்டும். பெரிய லேபிளின் வழக்கமான ஒப்பந்தத்தில் கலைஞருக்கு முன்பணம் கிடைக்கும். அது அவருடைய ராயல்டியிலிருந்து, அதாவது வருமானப் பங்கிலிருந்து, கழித்துக்கொள்ளப்படும் தொகை. பதிவுச் செலவும், பெரும்பாலும் வீடியோ செலவில் ஒரு பங்கும் அதே கணக்கில்தான் ஏறும். அது முழுக்க அடைந்த பிறகுதான் பதிவுக்கான ராயல்டி கைக்கு வரும். இவ்வளவும் அடைந்தாலும் மாஸ்டர், அதாவது மூலப் பதிவு, லேபிளுக்கே சொந்தம். இன்னும் இத்தனை ஆல்பங்கள் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். எனவே லேபிள் ஒரு ஆல்பத்தைப் பிடிக்கவில்லை என்று அலமாரியில் வைத்துவிட்டால் கலைஞர் அதை வேறு இடத்தில் வெளியிட முடியாது, வேறு லேபிளுக்குப் போகவும் முடியாது. பாட்டை எழுதியதற்கான உரிமை இதிலிருந்து தனி. அது எழுத்தாளர், அவருடைய பதிப்பகம் வழியாகப் போகும். ஸ்வீடனில் அதை வசூலித்துக் கொடுப்பது ஸ்டிம் என்ற அமைப்பு. மாஸ்டர் ஒரு சொத்து, பாடல் இன்னொரு சொத்து. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

2001-ல் ராபின் பி.எம்.ஜி.-யை விட்டு ஜைவ் லேபிளுக்குப் போனார். 2002-ல் ஜைவின் தாய் நிறுவனமான ஸோம்பாவை பி.எம்.ஜி. வாங்கிவிட்டது. எந்த வீட்டை விட்டு வெளியேறினாரோ அதே வீட்டுக்குள் மறுபடி நின்றார். அந்த வருடம் வந்த "டோன்ட் ஸ்டாப் த மியூசிக்" நல்ல ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) ஆல்பம்தான். அதிலிருந்த "கீப் திஸ் ஃபயர் பர்னிங்" பாட்டைப் பின்னர் பிரிட்டனின் பெவர்லி நைட் பாடினார். ஆனால் அதில் ராபினின் அடையாளம் இருக்கிறதா என்று கேட்டால், எனக்கு அவ்வளவாகத் தெரியவில்லை.

திருப்பம் எங்கே வந்தது என்றால், ஸ்டாக்ஹோமின் த நைஃப் இரட்டையரிடம். காரின் ட்ரையர், ஓலோஃப் ட்ரையர் என்ற அக்கா தம்பி. சொந்த லேபிள் வைத்துக்கொண்டு, விருது விழாக்களுக்கும் போகாமல், யாரும் செய்யாத ஒலியில் பாப் செய்துகொண்டிருந்தார்கள். ராபின் அவர்களோடு சேர்ந்து "ஹூ'ஸ் தட் கேர்ள்" பாட்டைச் செய்தார். கூர்மையான சிந்தசைசர் ஒலி, அதன் மேல் ஒரு நல்ல பெண் எப்படி இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை நேருக்கு நேர் மறுக்கும் வரிகள். லேபிளுக்கு அது பிடிக்கவில்லை. ராபின் ஒப்பந்தத்திலிருந்து தன்னை விடுவித்துக்கொண்டு, 2005-ல் கொனிச்சிவா ரெக்கார்ட்ஸ் என்ற சொந்த லேபிளைத் தொடங்கினார்.

சொந்த லேபிள் என்றால் எல்லாவற்றையும் தானே செய்வது என்று பொருளில்லை. மாஸ்டர் தன்னிடம் இருக்கும். ஒவ்வொரு நாட்டிலும் விநியோகிக்க ஒரு பெரிய நிறுவனத்துக்கு உரிமம் மட்டும் கொடுப்பார்கள், குறிப்பிட்ட நாட்டுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு. நன்மை தெளிவானது. கெடுதல், ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாகப் பேச வேண்டும், ஆட்கள் குறைவு, நேரம் இழுக்கும். ராபின் கொடுத்த விலையும் அதுதான். "ராபின்" என்ற தன் பெயரையே தலைப்பாகக் கொண்ட ஆல்பம் 2005 ஏப்ரலில் ஸ்வீடனில் வந்து முதலிடம் பிடித்தது, அடுத்த வருடம் ஸ்வீடனின் கிராமிஸ் விருதுகள் 3 வாங்கியது. பிரிட்டனுக்கு வர 2007 ஆனது. அமெரிக்காவுக்கு இன்டர்ஸ்கோப் நிறுவனம் வழியாக வந்தபோது 2008. நீங்கள் கேட்ட "காணாமல் போன" காலத்தின் கடைசிப் பகுதி இந்தக் காத்திருப்பு.

அந்த ஆல்பத்தில் அவரோடு அதிகம் உழைத்தவர் க்ளாஸ் ஓலுண்ட், டெடிபேர்ஸ் குழுவைச் சேர்ந்தவர். இன்றுவரை ராபினின் மிக நெருங்கிய கூட்டாளி. "பீ மைன்!" பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் தந்தி வாத்தியங்கள் விறுவிறுவென்று வெட்டி வெட்டி ஓடுகின்றன, மேலே குரல் இனி ஒருபோதும் கிடைக்காத ஒருவனைப் பற்றிப் பேசுகிறது. துக்கமான வரி, நிற்காத தாளம். ராபினின் பிற்காலப் பாடல்களுக்கெல்லாம் அடித்தளம் இந்தச் சேர்க்கை. இங்கேதான் அது முதன்முதலாக முழுசாகக் கைகூடியது.

பிரிட்டனில் கதவைத் திறந்தது வேறொரு பாட்டு. ஆந்திரயாஸ் கிளீரூப் என்ற தயாரிப்பாளரோடு செய்த "வித் எவ்ரி ஹார்ட்பீட்", 2007 ஆகஸ்டில் பிரிட்டன் பட்டியலில் முதலிடம். பாட்டு எழுதுபவர்கள் உட்கார்ந்து பிரித்துப் பார்க்க வேண்டிய அமைப்பு அது. வழக்கமான கோரஸே (பல்லவி) கிடையாது. வரிகள் வருகின்றன, நடுவில் தாளம் விலகித் தந்தி இசை மட்டும் நிற்கிறது, அதன்பிறகு ஒரே ஒரு வரி திரும்பத் திரும்ப வந்து ஏறிக்கொண்டே போகிறது. நான்கு நிமிடமும் கேட்பவர் எதிர்பார்த்துக் காத்திருக்கும் விடுதலையைக் கடைசிவரை தள்ளிப்போட்டு, வந்தபின்னும் அதை வலியாகவே தருகிறது. வானொலிக்கு ஏற்ற பாட்டு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் யாரும் இதை அனுமதித்திருக்க மாட்டார்கள்.

2010-ல் அவர் வெளியீட்டு முறையையே மாற்றினார். வழக்கமான சுழற்சியில் ஒரு ஆல்பம் செய்து, இரண்டு வருடம் ஊர் சுற்றி, மறுபடி ஸ்டுடியோவுக்குப் போக வேண்டும். அதற்குப் பதிலாகப் பாடல்கள் தயாராகத் தயாராக விட்டார். ஜூனில் "பாடி டாக்" முதல் பகுதி, செப்டம்பரில் இரண்டாம் பகுதி, நவம்பரில் முழு ஆல்பம். முதல் இரண்டும் எட்டெட்டுப் பாடல்கள். முழு ஆல்பத்தில் 15: இரண்டு பகுதிகளிலிருந்தும் ஐந்தைந்து, புதிதாக ஐந்து. ஒரு பாட்டை முதலில் தாளமில்லாமல் எளிய வடிவில் கொடுத்துவிட்டு, அடுத்த வெளியீட்டில் அதையே நடனப் பாட்டாக மாற்றிக் கொடுத்தார். "ஹாங் வித் மீ", "இன்டிஸ்ட்ரக்டிபிள்" இரண்டும் அப்படி வந்தவை. பெரிய லேபிளுக்குள் இருந்திருந்தால் இந்தத் திட்டத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்கே ஒரு வருடம் போயிருக்கும்.

முழு ஆல்பத்தை மட்டும் வாங்கியவர்களுக்குக் கிடைக்காத பாடல்கள் இருக்கின்றன. முதல் பகுதியிலிருந்து "க்ரை வென் யூ கெட் ஓல்டர்" பாட்டும், ஸ்வீடனின் பழைய நாட்டுப்பாடல் ஒன்றும். இரண்டாம் பகுதியிலிருந்து "இன்க்ளூட் மீ அவுட்", "கிரிமினல் இன்டென்ட்". இவற்றை விட்டதில் எனக்கு வருத்தம் உண்டு, முக்கியமாக "க்ரை வென் யூ கெட் ஓல்டர்". எனவே மூன்று வெளியீடுகளையும் தனித்தனியாகத் தேடிக் கேளுங்கள்.

இனி "டான்சிங் ஆன் மை ஓன்". பேட்ரிக் பெர்கரோடு சேர்ந்து எழுதியது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 117 அடிகள். முதல் நொடியிலேயே ஒரு சிந்த் பேஸ், அதாவது சிந்தசைசரின் தாழ்ந்த ஒலி, துடிக்கத் தொடங்குகிறது, கிட்டத்தட்ட நிற்பதே இல்லை. காதலித்தவன் இன்னொருத்தியை முத்தமிடுவதைக் கிளப்பின் ஒரு மூலையிலிருந்து பார்த்துக்கொண்டே ஆடுகிறாள் ஒருத்தி. அவள் ஓடிப்போகவில்லை, அழுது சரியவில்லை, சண்டை போடவில்லை. ஆடிக்கொண்டேயிருக்கிறாள். அவள் நிற்காததை நமக்குச் சொல்வது அந்த பேஸ்தான், வரிகள் இல்லை. கடைசிக் கோரஸுக்கு முன்பு டிரம் படபடவென்று வெடிக்கும் இடத்தில் ஆயிரம் பேர் ஒன்றாகக் குதிப்பதற்குக் காரணமும் அதுவரை அடக்கிவைத்த அழுத்தம். ஸ்வீடனில் முதலிடம், பிரிட்டனில் 8-ஆம் இடம், கிராமி பரிந்துரை. அமெரிக்க ஹாட் 100-ன் மேல்வரிசைக்கு அது வரவே இல்லை. 2012-ல் ஹெச்.பி.ஓ.-வின் "கேர்ள்ஸ்" தொடரில் ஒரு காட்சிக்குப் பயன்பட்ட பிறகுதான் அங்கே பரவலாக வீடுகளுக்குள் நுழைந்தது. 2010 கடைசியில் வந்த முழு ஆல்பத்திலிருந்த "கால் யுவர் கேர்ள்ஃப்ரெண்ட்" இதே முக்கோணத்தின் மறுமூலை: புதிதாக வந்தவள், பழைய காதலியிடம் எப்படி நோகாமல் சொல்ல வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். அதன் வீடியோ வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில், காலியான ஒரு பெரிய கூடத்தில் ராபின் தனியாக ஆடுவது.

"டான்சிங் ஆன் மை ஓன்" என்றால் பலருக்கு கேலம் ஸ்காட்டின் மெதுவான பியானோ வடிவம்தான் தெரியும். 2016-ல் அது பிரிட்டனில் 2-ஆம் இடம் வரை, ராபினின் மூலத்தைவிட மேலே போனது. முன்பு சொன்ன இரண்டு சொத்துக் கணக்கு இங்கே வருகிறது. அந்த வடிவம் ஒவ்வொரு முறை ஒலிக்கும்போதும் எழுதியவர்கள் என்ற முறையில் ராபினுக்கும் பெர்கருக்கும் பங்கு உண்டு. மாஸ்டர் வருமானம் ஸ்காட்டின் தரப்புக்கு. ஒரு தொலைக்காட்சித் தொடர் ராபினின் பதிவையே பயன்படுத்தினால் இரண்டு அனுமதிகள் வாங்க வேண்டும், பாடலுக்கு ஒன்று, பதிவுக்கு ஒன்று. அப்போது மாஸ்டரை வைத்திருப்பவருக்கும் பணம். 2005-ல் வெளியேறியதன் பலன் இப்படித்தான் வருடக்கணக்கில் வந்து சேர்கிறது. ஸ்காட்டின் குரல் நல்ல குரல். ஆனால் தாளத்தை எடுத்துவிட்டால் அந்தப் பாட்டில் சோகம் மட்டும் மிஞ்சுகிறது, அவள் ஆடுவது போய்விடுகிறது.

2010-க்குப் பிறகு எட்டு வருடம் முழு ஆல்பம் இல்லை. 2014-ல் நார்வேயின் ராய்க்சாப் என்ற எலெக்ட்ரானிக் இசை இரட்டையரோடு "டூ இட் அகெய்ன்" என்ற சிறு ஆல்பம் வந்தது. நெடுநாள் நண்பரும் தயாரிப்பாளருமான கிறிஸ்டியன் ஃபால்க் அதே வருடம் இறந்தார். அவரோடு தொடங்கிய பாடல்கள் 2015-ல் "லவ் இஸ் ஃப்ரீ" என்று வந்தன. ஸ்டாக்ஹோமின் கே.டி.எச். தொழில்நுட்பக் கழகம் 2013-ல் தன் பெரும்பரிசை ராபினுக்குக் கொடுத்தது. அதைத் தொடர்ந்து 2015-ல் அங்கே பதின்வயதுப் பெண்களுக்கான டெக்லா என்ற தொழில்நுட்ப விழாவை நடத்தினார்.

2018 அக்டோபரில் "ஹனி". ஒன்பது பாடல்கள், ஏறத்தாழ 40 நிமிடம். மெட்ரோனமி குழுவின் ஜோசப் மவுன்ட் இதில் முக்கியக் கூட்டாளி. முந்தைய ஆல்பத்தை எதிர்பார்த்து வருபவர்கள் இங்கே ஏமாறுகிறார்கள், ஏனென்றால் "மிஸ்ஸிங் யூ"-வைத் தாண்டினால் ஓங்கி அடிக்கும் கோரஸ் குறைவு. இது ஹவுஸ் இசையின் தர்க்கத்தில் செய்தது: ஒரே வட்டம் திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு சுற்றிலும் ஏதாவது ஒன்று கூடும் அல்லது குறையும். "பேபி ஃபர்கிவ் மீ" அப்படியே "சென்ட் டு ராபின் இமீடியட்லி"-க்குள் கரைகிறது. அந்த இரண்டாவது பாட்டில் லில் லூயிஸின் 1989 ஹவுஸ் பாட்டான "ஃப்ரெஞ்ச் கிஸ்" சாம்பிளாக, அதாவது அதன் ஒரு துண்டு வெட்டி எடுத்து, சேர்க்கப்பட்டிருக்கிறது. ஷஃபிளில், அதாவது வரிசையைக் கலைத்துக் கேட்டால் இந்த இணைப்பு அறுந்துபோகும், இரண்டும் அரைகுறையாகத் தோன்றும். தலைப்புப் பாட்டின் முற்றுப்பெறாத வடிவம் 2017-லேயே "கேர்ள்ஸ்" தொடரில் வந்து, ரசிகர்கள் அதை வெளியிடச் சொல்லி இணையத்தில் நச்சரித்தார்கள். ஆல்பத்தில் வந்தது அதிலிருந்து மாறுபட்ட வடிவம். என் கணக்கில் அவருடைய மிகச் சிறந்த ஆல்பம் இது. முதல் முறை கேட்கும்போது அப்படித் தெரியாமல் போகலாம்.

2019 மார்ச்சில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நிகழ்ச்சி முடிந்து இறங்கிய கூட்டம் கீழே பென் ஸ்டேஷன் சுரங்க ரயில் நடைமேடையில் நின்று "டான்சிங் ஆன் மை ஓன்" பாட்டை முழுக் குரலில் பாடியது. அந்தக் காணொளி இன்னும் கிடைக்கிறது. 2024-ல் சார்லி எக்ஸ்.சி.எக்ஸின் "360" ரீமிக்ஸிலும், ஜேமி எக்ஸ்.எக்ஸின் "லைஃப்" பாட்டிலும் ராபின் வந்தார். 2025 நவம்பரில் "டோபமின்" தனிப்பாட்டு வந்தது.

கேட்கும் வரிசைக்கு வருகிறேன். ராபினைக் கேட்டதே இல்லையென்றால் "பாடி டாக்" முழு ஆல்பம், 15 பாடல், அதிலிருந்து தொடங்குங்கள். அடுத்து 2005 "ராபின்". இதில் இரண்டு பதிப்புகள் உண்டு. பாடல் பட்டியலில் "கோப்ராஸ்டைல்", "வித் எவ்ரி ஹார்ட்பீட்" இரண்டும் இருந்தால் அது பின்னால் வந்த சர்வதேசப் பதிப்பு, இல்லையென்றால் ஸ்வீடனின் முதல் பதிப்பு. பாடல் வரிசையும் வேறுபடும். புதியவருக்குச் சர்வதேசப் பதிப்பு போதும். அதன்பிறகு "ஹனி", வரிசை மாற்றாமல், முடிந்தால் நல்ல ஹெட்போனில், ஏனென்றால் அதன் வேலைப்பாடு பாதி பேஸில் இருக்கிறது, போன் ஸ்பீக்கரில் அது வராது. "ராபின் இஸ் ஹியர்" ஆல்பத்தைக் கடைசியில் வையுங்கள். "ஷுட் ஹேவ் நோன்" பாட்டு 2002 ஆல்பத்திலும் 2005 ஆல்பத்திலும் இரண்டு வேறு வடிவங்களில் இருக்கிறது. அதே ஆள், அதே பாட்டு, லேபிளுக்குள் ஒன்று, வெளியே வந்தபின் ஒன்று. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டால் நான் மேலே எழுதியதில் பெரும்பகுதி காதிலேயே விளங்கிவிடும்.